ராசியான ஐடி

ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். அதனால் இதில் ஊர் இருக்கும், பேர் இருக்காது. பேர் போடுவதென்றால் முதலில் போட வேண்டியது என் பேரைத்தான் என்பதும் ஒரு காரணம்.

என் வேலை சந்தேகப்படுவது. விசிட்டிங் கார்டில் அப்படிப் போட முடியாது என்பதால் வேறு மாதிரி போட்டிருக்கிறேன். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கென்று ஓர் இணையதளம் வைத்திருக்கும். ஆளுக்கொரு ஐடி, ஒரு கடவுச்சொல். உள்ளே போனால் முகப்புப் பக்கத்தில் அறிவிப்பு, விடுப்பு, சம்பளச் சீட்டு, அன்றைய வேலை என்று எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கும். போர்ட்டல் என்பார்கள். அது மெதுவாகும்போது, ஏன் மெதுவாகிறது என்று கண்டுபிடிக்க என்னைக் கூப்பிடுவார்கள். நான் முதலில் செய்வது, கூப்பிட்டவர் சொல்வதை நம்பாமல் இருப்பது.

நெட்வொர்க் பார்ப்பவரைக் கேட்டால் சர்வரில் கோளாறு என்பார். சர்வர் பார்ப்பவர் டேட்டாபேஸைக் காட்டுவார். டேட்டாபேஸ் ஆள் புரோகிராம் எழுதியவனைத் திட்டுவார். எழுதியவன் வேலையை விட்டுப் போயிருப்பான். உபயோகிக்கிறவர்களோ, "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுட்டு" என்பார்கள். இவர்கள் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. லாகுக்கு வாய் இல்லை, அதனால் பொய் சொல்லாது. யார், எந்த நொடியில், எங்கிருந்து, எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை நொடி காத்திருந்தார்கள் என்று சர்வர் தன்பாட்டுக்கு வரி வரியாக எழுதிக்கொண்டே போகும் பதிவுதான் லாக். இருபது வருஷமாக நான் அதைத்தான் படிக்கிறேன். மனிதர்கள் சொல்வதைச் சும்மா கேட்டுக்கொள்வதோடு சரி.

இந்தப் புத்தி வேலையோடு நின்றால் பரவாயில்லை. அல்வாக் கடையில் எடைக்கு மேல் ஒரு விள்ளல் வைத்தால் நேற்றையதோ என்று தோன்றும். வீட்டுக்காரர் கேட்காமலே காபி போட்டுக் கொடுத்தால், குடிப்பதற்கு முன் "என்ன விஷயம்?" என்பேன். "ஒன்னக் கட்டுனதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்லயே குடியிருந்திருக்கலாம்" என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பையும் ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொள்வேன்.

போன வருஷம் எனக்கு ஒரு போன் வந்தது. பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை, தாமிரபரணி போகிற வழியெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனம். ஒவ்வொரு ஊரிலும் ஓர் அறை, ஒரு டெக்னீஷியன், ஒரு கம்ப்யூட்டர். அங்கே ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்து வண்டியில் டவுணுக்கு அனுப்புவார்கள். தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடை மாடியில் தலைமை அலுவலகம். அதன் நிர்வாக அதிகாரியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும்தான்.

"காலைல ஆறரைல இருந்து ஒம்பதரை வரைக்கும் போர்ட்டல் படுத்துக்கிடுதும்மா" என்றார். "அது தொறந்தாத்தான் குப்பில ஒட்டுத பேரு ஸ்டிக்கர் வரும். ஸ்டிக்கர் ஒட்டுனாத்தான் ஊசி குத்தலாம். வெறும் வயித்தோட வந்தவுக எத்தன நேரம் உக்காந்திருப்பாவ? நேத்து வீரவநல்லூர்ல ஒருத்தரு மயங்கியே விழுந்துட்டாரு."

அந்தப் போர்ட்டலை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அதைத் திறப்பதற்கு முன்னால் வேகம் சோதித்துக் கொடுத்தவள் நான்தான். பிறகு ஒரு வருஷம் வெளியிலிருந்து புகார்களும் பார்த்தேன். நான் சோதித்தபோது மூன்று நொடியில் திறந்தது. இப்போது நாற்பது நொடி என்கிறார்கள். அப்படியானால் எனக்குப் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த முடிவோடுதான் மாடிப்படி ஏறினேன்.

ஒழுங்கான ஆள் என்றால், முகப்புப் பக்கத்தில் எந்தப் பெட்டி எத்தனை நொடி எடுக்கிறது என்று முதலில் அளந்திருப்பாள். பன்னிரண்டு பெட்டிகள். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்தால்தான் எல்லோரும் எழுந்திருக்க முடியும் என்பதைப் போல, அதில் எது மெதுவோ அதுதான் மொத்தப் பக்கத்தையும் நிறுத்திவைக்கும். நானும் அதை அளக்கத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் லாகில் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது.

கல்லிடைக்குறிச்சி கிளையின் டெக்னீஷியனுடைய ஐடி. ஒரு பெண். காலை ஆறு நாற்பத்தொன்றுக்குக் கல்லிடைக்குறிச்சியில் உள்ளே வந்திருக்கிறாள். ஆறு நாற்பத்திரண்டுக்குப் புன்னக்காயலில் வந்திருக்கிறாள். அதே நிமிடம் பாபநாசத்தில், சேரன்மகாதேவியில், ஆத்தூரில். கல்லிடைக்குறிச்சியிலிருந்து புன்னக்காயலுக்கு ஒரு நிமிடத்தில் போவது ஆற்று வெள்ளத்தாலும் ஆகாத காரியம். பழைய நாட்களைத் தோண்டினேன். மாதக்கணக்காக இப்படித்தான். கம்ப்யூட்டர் கணக்குப்படி, பாதி ஜில்லாவுக்கு அவள் ஒருத்தியே ஊசி குத்தியிருந்தாள்.

இன்னொன்றும் கிடைத்தது. மற்ற எல்லோர் முகப்பிலும் பன்னிரண்டு பெட்டிகள் இருக்க, அவள் முகப்பில் இரண்டே இரண்டுதான் இருந்தன. பத்துப் பெட்டிகளை யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அட்மின்' என்று இருந்தது. அது அலுவலகத்தில் நாலைந்து பேருக்கும் எங்களைப் போன்ற வெளியாட்களுக்கும் பொதுவான கணக்கு. ஆக, உள்ளே அவளுக்கு ஓர் ஆள் இருக்கிறது. எடுத்த தேதியைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கதை தானாக எழுதிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள் ஜாதகத்தோடு நிறுத்துவதில்லை. பெண்ணுக்குத் தைராய்டு உண்டா, மாப்பிள்ளைக்குச் சர்க்கரை உண்டா என்று சுற்றிவளைத்து விசாரிப்பார்கள். ஒரு ஐடியும் கடவுச்சொல்லும் கையில் இருந்தால் யாருடைய ரத்த முடிவையும் போர்ட்டலிலேயே பார்க்கலாம், விசாரிக்கவே வேண்டாம். அவள் அதைத்தான் ஊர் ஊராக விற்கிறாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் வந்தது சந்தோஷம். பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"நல்ல புள்ளைல்லா அது? ஆறு வருஷமா இருக்கு. வீட்டுக்காரரு துபாய்ல வேலை போயி வந்து சும்மா இருக்காரு. இதோட சம்பளத்துலதான் வீடே ஓடுது. ஒரு குப்பி மாறுனதில்ல, ஒரு நாள் பிந்துனதில்ல" என்றார்.

"நல்ல புள்ளன்னு பேரெடுத்தவுக மேலதான் அண்ணாச்சி யாருக்கும் சந்தேகமே வராது" என்றேன்.

எவ்வளவு அழகாகப் பேசிவிட்டோம் என்று அப்போது நினைத்தேன். அறிக்கை எழுதினேன். கடவுச்சொல் பலருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது, முகப்புப் பக்கம் திருத்தப்பட்டிருக்கிறது, தளம் மெதுவாவதற்கு இது காரணமாக இருக்கலாம். கடைசி வரியாக, 'உள்நோக்கம் இருக்க வாய்ப்புண்டு' என்று சேர்த்தேன். யாரும் கேட்காத வரி அது. அன்று சாயங்காலமே அவள் ஐடியைப் பூட்டினார்கள். மாற்று ஆள் வந்து சாவியை வாங்கும்வரை கிளையைத் திறந்துவைத்தால் போதும், யாருக்கும் ஊசி குத்தக் கூடாது என்று உத்தரவு போயிற்று. சனிக்கிழமை விசாரணை. அதில் அவள் பக்கம் எடுபடவில்லை என்றால் வேலை போகும். ரத்தக் குறிப்புகளை வெளியே கொடுத்தவள் என்ற பேரோடு போகிறவளைப் பொதிகை அடிவாரத்திலிருந்து கடல் வரை எந்த லேபும் சேர்த்துக்கொள்ளாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அலுவலகம் போய்விட்டேன். திருட்டு ஐடியைப் பூட்டியாயிற்று, தளம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆசை. ஆறரைக்குத் தளம் விழுந்தது. மெதுவாகவில்லை, மொத்தமாக விழுந்தது. மேஜையில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்று மாற்றி ஒன்று அடித்தன. சர்வரை நிறுத்தி மறுபடி போட்டேன். ஐந்து நிமிடம் மூச்சு விட்டது, திரும்பவும் விழுந்தது. பத்து மணிக்குக் கூட்டம் குறைந்த பிறகு தானாக எழுந்தது.

அண்ணாச்சி கேட்டார். "கள்ளனப் பிடிச்சாச்சுன்னீய. பெறகு ஏம்மா முன்னைக்கு மோசமாப் போச்சு?"

"போற போக்குல எதையோ செஞ்சு வச்சுட்டுப் போயிருக்கா அண்ணாச்சி" என்றேன்.

கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது மற்றவர்களுக்கான பழமொழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சனிக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அதற்கடுத்த நாள் காலை செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். அவள் என்ன செய்துவைத்தாள் என்று அவள் வாயாலேயே வாங்கிவிட வேண்டும். வாயை நம்பாதவள் வாயைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை.

கல்லிடைக்குறிச்சிக் கிளை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். எதிர் வீட்டு வாசலில் பாயில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே எட்டுப் பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். தளம் அன்றைக்கும் படுத்திருந்தது. அவள் மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்திருந்தாள். முன்னால் ஓர் அம்மாள் முழங்கை வரை சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"மத்தவுக குத்துனா எனக்கு நரம்பே அம்புடாது. இவளுக்குத்தான் கைராசி" என்றார் அந்த அம்மாள் என்னிடம். "நீங்க ஆபீஸ்ல இருந்தா வாரீய? குத்தச் சொல்லுங்கம்மா. மாவு பெசஞ்சு வச்சுட்டு வந்திருக்கேன், காஞ்சுட்டுன்னா அப்பளம் வெடிச்சிரும்."

"எனக்கு இன்னைக்கு உத்தரவில்லக்கா. கோவிச்சுக்கிடாதீய" என்றாள் அவள்.

நான் யார் என்று சொன்னேன். அவள் உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினாள். கேட்டேன். "பாஸ்வேர்டை யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

"கேட்டவுகளுக்கெல்லாம் குடுத்தேன்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுக்காதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

"எதுக்குக் கேட்டாங்க?"

"என் ஐடி ராசியான ஐடின்னு கேட்டாவ மேடம்."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

"எட்டு மாசம் இருக்கும். புன்னக்காயல்ல இருந்து அந்தக் கிளைப் புள்ள போன் பண்ணுச்சு. மாசமா இருக்க பொம்பள சக்கர டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வந்து தல சுத்தி உக்காந்திருக்கா, போர்ட்டல் தொறக்கவே மாட்டேங்கு, என்னக்கா செய்யட்டும்னு கேட்டுச்சு. எனக்குத் தொறந்திருந்துச்சு. சரி, என்னோடதப் போட்டுப் பாருன்னு ஐடியக் குடுத்தேன். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வந்துட்டுன்னா. மறுநா ஆத்தூர்ல கேட்டாவ. பெறகு சேரன்மாதேவி. எங்களுக்குள்ள போன்ல ஒரு குரூப்பு இருக்கு. காலைல போணிக்கு அக்கா ஐடியப் போடு, அன்னைக்கு முழுக்க நிக்காம ஓடும்னு யாரோ எழுதிட்டாவ. அதுல இருந்து முக்காவாசிப் பேரு அதத்தான் போடுதாவ."

"ஒருத்தர் ஐடியை இன்னொருத்தர் போடக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும். மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. பெறகு பெருமையாவும் இருந்துச்சு மேடம். பொய் சொல்லக் கூடாதுல்லா."

"ராசியெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது" என்றேன்.

"கைக்கு ராசி உண்டும்னா ஐடிக்கு இருக்காதா?" என்றார் கை நீட்டிய அம்மாள்.

நான் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கடைசிக் கேள்வியைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதைக் கேட்டால் உள்ளே இருக்கும் ஆள் யார் என்று அவள் முகமே சொல்லிவிடும். "உங்க பக்கத்துல பத்துப் பெட்டிய எடுத்துக் குடுத்தது யாரு?"

"யாரு எடுத்தாவன்னு எனக்கு என்ன தெரியும்? தொறந்த நாள்ல இருந்தே என் பக்கம் மொட்டையாத்தான் கெடக்கு. எல்லாருக்கும் இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்னு படத்தோட ஒரு பெட்டி வரும், எனக்கு வராது. ஒருத்தருக்கும் வாழ்த்துச் சொல்ல முடியலன்னு மூணு தடவ புகார் எழுதிப் போட்டேன். பதில் வந்துச்சே."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். புகார்த் தாள்களை அச்செடுத்து வரிசையாகக் கோத்திருந்தாள். மூன்றாவது தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். 'என் முகப்பில் பெட்டிகள் இல்லை, தயவுசெய்து மற்றவர்களுக்கு இருப்பது போல் வைத்துத் தரவும்' என்று எழுதியிருந்தாள். கீழே பதில்: 'பயனர் தவறு. நடவடிக்கை தேவையில்லை. முடிக்கப்பட்டது.' அதற்குக் கீழே முடித்தவர் பெயர். என் பெயர்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எல்லாம் திரும்ப வந்தது. தளம் திறப்பதற்கு முந்தின வாரம். வெறும் பக்கம் எத்தனை நொடியில் வரும், பெட்டிகள் சேர்ந்தால் எத்தனை நொடி கூடும் என்று அளக்க வேண்டியிருந்தது. சோதனைக்கு ஏதாவது ஓர் ஐடி போதும். பட்டியலில் கைக்கு வந்த ஒன்றைத் தொட்டு, பத்துப் பெட்டிகளை எடுத்தேன். மூன்று நொடி. பெட்டிகளோடு எட்டு நொடி. அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்றை எழுதினேன், எட்டை உள்ளே எங்கோ எழுதினேன். நாளாக நாளாக எனக்கே மூன்று மட்டும்தான் ஞாபகம் இருந்தது. எடுத்த பெட்டிகளைத் திரும்ப வைக்க மறந்தேன். அவள் மூன்று தடவை எழுதிக் கேட்டபோதும் திறந்துகூடப் பார்க்காமல், இவர்களுக்கு இதே வேலை என்று மூடிவிட்டேன்.

மடிக்கணினியை எடுத்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து செய்தேன். பெட்டிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். பிறந்தநாள் பெட்டிதான். யார் எப்போது முகப்பைத் திறந்தாலும், அது இருக்கிறவர், போனவர் எல்லாப் பணியாளர்களையும் ஒவ்வொருவராக எடுத்து, படத்தையும் இறக்கி, இன்றைக்கா பிறந்தாய் என்று கேட்டுவிட்டு வைத்துக்கொண்டிருந்தது. ஆள் சேரச் சேர அது கனத்துவிட்டது. காலை ஆறரைக்கு எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் திறந்தால் தாங்காது. எட்டு மாதமாக அது விழாமல் இருந்ததற்குக் காரணம், முக்கால்வாசிப் பேர் அந்தப் பெட்டியே இல்லாத ஓர் ஐடியில் வந்துகொண்டிருந்ததுதான். அதை நான் பூட்டினேன், தளம் விழுந்தது. அவள் செய்தது சரி என்று சொல்லவில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தது தப்புதான். ஆனால் உள்நோக்கம் என்று நான் எழுதிய இடத்தில் இருந்தது ஒரு கர்ப்பிணியின் வெறும் வயிறு.

எல்லோர் முகப்பிலிருந்தும் அந்தப் பெட்டியை எடுத்தேன். சர்வரை மறுபடி போட்டுவிட்டு, "புன்னக்காயலைக் கூப்பிட்டு, அவங்க சொந்த ஐடியிலயே திறந்து பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

போனிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. "தொறந்துட்டுக்கா! ஏக்கா, ஒன் குரலுக்கே ராசி போல!"

இவள் சிரிக்கவில்லை. "அப்போ என் ஐடில ஒண்ணும் இல்லியா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெருமையும் போயிற்றே என்பது போல இருந்தது. நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, நான் பொறுப்பு, இன்றைக்கு மட்டும் அவள் ஐடியைத் திறந்துவிடுங்கள், வந்திருப்பவர்களுக்கு ரத்தம் எடுக்கட்டும் என்றேன். உத்தரவு கிடைத்ததும் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, குப்பியில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, நீட்டிய கையைத் தொட்டு நரம்பைத் தேட ஆரம்பித்தாள். புகார்த் தாள் என் கையிலேயே இருந்தது. அவள் திருப்பிக் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் நான் நினைத்ததையும் எழுத வேண்டும். காருகுறிச்சி தாண்டுவதற்குள் இரண்டாவது அறிக்கை மனதில் தயாராகிவிட்டது. பிறந்தநாள் பெட்டி காரணம், நீக்கப்பட்டது, தளம் சரியாக ஓடுகிறது. அவள் முகப்பைத் திருத்தியது யார் என்று அதில் சொல்ல வேண்டியதில்லை. 'அட்மின்' யாராகவும் இருக்கலாம். புகார்ப் பதிவு தளத்தில் இருந்தது. அதை அழிக்கும் அதிகாரமும் எனக்கு இருந்தது. அச்செடுத்த தாளோ என் கைப்பையில். அவளுக்கு எச்சரிக்கையோ, வேலை நீக்கமோ, சனிக்கிழமை அவர்கள் பாடு. பேட்டை ஸ்டேஷன் வரை இந்த யோசனையோடுதான் வந்தேன். அவ்வளவு சுலபமாக அது வந்தது. இத்தனை வருஷம் மற்றவர்கள் மேல் நான் சந்தேகப்பட்டதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் என்ன செய்வேனோ அதைத்தான் அவர்கள் செய்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து நேராகத் தெற்கு ரத வீதிக்குப் போனேன். அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை எடுத்தவள் நான், மறந்தவள் நான், புகாரை மூடியவள் நான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"முந்தாநா அவ கள்ளி. இன்னைக்கு நாந்தான் தப்புப் பண்ணிட்டேங்கிய. நடுவுல என்னம்மா நடந்துச்சு? கல்லிடைக்குறிச்சிக்கு என்கிட்ட சொல்லாம எதுக்குப் போனீய? அழுதாளா?"

"அழலை அண்ணாச்சி. நான் சொல்றது உண்மை."

"எப்படி நம்பச் சொல்லுதிய? அந்த அட்மின்னு போட்டிருக்கது நீங்கதான்னு எங்கன இருக்கு? அவளக் காப்பாத்தணும்னு நீங்களே தலையக் குடுக்கியளோ என்னமோ. நல்ல புள்ளன்னு பேரெடுத்தவுக மேலதான் சந்தேகம் வராதுன்னு நீங்கதான சொன்னீய. ஒங்களுக்கும் நல்ல பேருதான் இருக்கு."

என் வார்த்தையே என் முன்னால் வந்து நின்றது. லாகில் என் பெயர் இல்லை. சொல்வதை நம்புங்கள் என்று ஒருவரிடம் கெஞ்சும் நிலைமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. கைப்பையிலிருந்து புகார்த் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். 'பயனர் தவறு' என்ற வரியை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு தேதியைப் பார்த்தார், பிறகு என் பெயரை.

"எய்தவன் இருக்க அம்ப நொந்துருக்கோம்" என்றார். காபி சொல்லிவிடவில்லை.

சனிக்கிழமை விசாரணை நடக்கவில்லை. கடவுச்சொல்லைப் பகிர்ந்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள். போர்ட்டலைப் பார்த்துக்கொள்ளும் வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. என்னைக் கூப்பிடுவதை அண்ணாச்சி நிறுத்திக்கொண்டார். அதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை.

ஒரு மாதம் கழித்து வெறும் வயிற்றோடு மறுபடி கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே லேப் இருக்கிறது. சர்க்கரை பார்ப்பது ஒரு சாக்கு. மன்னிப்பைப் போனில் கேட்க முடியவில்லை. அவள் வெள்ளைக் கோட்டில் இருந்தாள், வேறு யாரும் இல்லை. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "உங்க பக்கத்துல பெட்டிய எடுத்தது நான்தான். உங்க மேல எழுதினதும் நான்தான். தப்பு முழுக்க என்னுது. மன்னிச்சிருங்க."

"அண்ணாச்சி சொன்னாவ மேடம்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அப்போது போன் அடித்தது. ஏதோ ஒரு கிளையிலிருந்து ஏதோ உதவி. "ஆபீஸ்ல கேட்டுக்கிடுங்க. என்கிட்ட எதுவும் கேக்காதீய" என்று சொல்லி வைத்துவிட்டாள். முன்பு எல்லோருக்கும் கொடுத்தவள்.

போர்ட்டலைத் திறந்தாள். இரண்டு நொடியில் வந்தது. என் பெயரை அடித்தாள். ஸ்டிக்கரை அச்சடிப்பதற்கு முன் தன் போனை எடுத்து, நேரம் தெரியும்படி, திரையைப் படம் பிடித்தாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"தெனமும் ஒவ்வொருத்தருக்கும் எடுத்து வச்சுக்கிடுதேன். நாளைக்கு ஒரு நாள் நீங்க வந்து கேட்டா காட்டணும்லா."

ஸ்டிக்கரை உரித்துக் குப்பியில் ஒட்டினாள். ஒட்டியதை என் பக்கம் திருப்பி, "பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றாள்.

பார்க்காமலே சரி என்றேன். அவள் நம்பவில்லை. குப்பியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து, நான் வாசித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.